நாற்பத்தொன்றாம் நம்பர் பல் செட்டு

மனைவி செத்துப் பத்தொன்பதாம் நாள், சாவிக்காரர் அவளுடைய பல் செட்டை வாங்கப் போனார்.

கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். சீட்டில் தேதி போட்டிருந்தது, மனுஷன் போனார். அவர் அப்படிப்பட்ட ஆள். பத்து மணிக்கு வந்து பூட்டைத் திறந்து தருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் ஒன்பதே முக்காலுக்கு அந்த வீட்டு வாசலில் நிற்பார். பாங்கு வாசலில் ஒரு பெரிய குடை, குடைக்குக் கீழே சாவி வெட்டுகிற மெஷின், ஆணியில் தொங்கும் நூறு வெட்டாத சாவிகள், இவ்வளவுதான் அவர் கடை. இருபத்தெட்டு வருஷமாக அதே இடம். மனைவியை அனுப்பிவிட்டு வந்த நாலாம் நாளே போய் உட்கார்ந்துவிட்டார். பொண்டாட்டி போன ஈரம்கூடக் காயலை, அதுக்குள்ள சாவி வெட்ட வந்துட்டான் பாரு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? அவரும் மூடப் போகவில்லை.

உண்மை என்னவென்றால் அவருக்கே ஒன்றும் புரியவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, தாடை மரத்துப்போய், கிள்ளினால்கூட யாரையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, அப்படி ஆள் முழுசாக மரத்துப்போயிருந்தார். சாப்பிட்டார், தூங்கினார், சாவி வெட்டினார். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. வெளியூரில் வேலை பார்க்கிற மகள் லீவு போட்டு வந்து தங்கியிருந்தாள். அவள் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள், அம்மா போனது உனக்கு உறைச்சுதா இல்லையாப்பா என்று. அவர் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியலையேம்மா என்றார். அதிலிருந்து அவள் அவரோடு சரியாகப் பேசுவதில்லை.

இன்னொன்றும் உண்டு, அது அவருக்கு மட்டும்தான் தெரியும். 'செத்துட்டா' என்ற வார்த்தையை இந்தப் பத்தொன்பது நாளில் அவர் ஒருதரம்கூடத் தன் வாயால் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னது மச்சினன். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது அன்றைக்கே வந்து சேர்ந்த மகள். குடையடிக்கு வருகிறவர்கள் முன்பே தெரிந்துகொண்டு வந்தார்கள்.

பல் விவகாரம் பதினொரு வருஷத்துக் கதை. அவள் ரெடிமேட் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை பார்த்தாள். கையில் கத்தரி இருக்கும், ஆனாலும் அவசரத்துக்கு முன்பல்லால் கடித்து அறுத்துவிடுவாள். முதலில் ஒரு கடைவாய்ப் பல் வலித்தது. வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூடத்தில் ஒரு அறக்கட்டளைக்காரர்கள் இலவசப் பல் முகாம் போடுவார்கள். அங்கே கூட்டிப் போனார். சொத்தையைச் சுத்தம் செய்து அடைப்பதென்றால் நாலைந்து தடவை தனி டாக்டரிடம் நடக்க வேண்டும், வேலைக்கு லீவு போட வேண்டும், அதெல்லாம் இவர்களுக்குக் கட்டுப்படியாகுமா? முகாமில் ஊசி இருந்தது, குறடு இருந்தது, பஞ்சு இருந்தது. "பிடுங்கிப் போட்டா தொல்லை விட்டுது" என்று சாவிக்காரர் சொன்னார். அடுத்த வருஷமும் சொன்னார். அதற்கடுத்த வருஷமும் அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. இலவசமாகப் பிடுங்கிவிட ஆள் மாற்றி ஆள் வந்தார்கள், இலவசமாகக் கட்டிவிட ஒருத்தரும் வரவில்லை. வந்தவர்களைக் குற்றம் சொல்லியும் பிரயோஜனமில்லை, கையில் குறடு வைத்திருப்பவன் குறடு செய்கிற வேலையைத்தானே செய்ய முடியும். ஐந்தாறு வருஷத்தில் மேல் வரிசை மொத்தமும் போய்விட்டது.

அவள் அதற்காக மூலையில் உட்கார்ந்து அழுகிறவள் இல்லை. கம்பெனியில் சூப்பர்வைசர் ஒருதரம், நீ என்னைப் பத்திக் கண்டதையும் பேசறியாமே என்று கேட்டதற்கு, "சார், நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசறதுக்கு எனக்குப் பல்லு எங்க சார் இருக்கு?" என்றாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான். எப்போது சிரித்தாலும் கை வாய்க்குப் போய்விடும்.

இந்த வருஷம்தான் அறக்கட்டளைக்காரர்கள் பல் செட்டும் கட்டித் தருகிறோம் என்றார்கள். மூன்று தடவை வர வேண்டும். முதலில் வாயில் அச்சு எடுப்பார்கள், அப்புறம் மெழுகில் பல் வைத்துப் பார்ப்பார்கள், மூன்றாவது தடவை செட்டை மாட்டிவிடுவார்கள். மெழுகுப் பல் பார்க்க அவள் தனியாகப் போனாள், அன்றைக்கு அவருக்கு ஒரு கடைக்காரரின் ஷட்டர் பூட்டு வேலை இருந்தது. வந்து சீட்டைக் காலண்டரில் குத்தி வைத்தாள். ஆப்பிளை வெட்டாமல் கடிக்க வேண்டும், வேர்க்கடலை தின்ன வேண்டும் என்று ஒரு வாரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பள்ளிக்கூடக் கூடத்தில் பதிவு மேஜைக்கு முன்னால் வரிசை நின்றது. சாவிக்காரர் கையில் சீட்டு, அதில் நாற்பத்தொன்று. சீட்டைக் காட்டினால் டப்பாவைக் கொடுப்பார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தார். அவருக்கு முன்னால் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் நின்றார். அம்மா போன மாசம் தவறிட்டாங்க என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. மேஜைப் பெண் அடடா என்றாள். பிறகு இருவரும் குனிந்து ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள், அது கேட்கவில்லை. அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பெண் ஒரு டப்பாவைத் திறந்து, லேபிளைக் கிழித்துவிட்டு, உள்ளே இருந்த செட்டை மேஜைக்கு அடியிலிருந்த வாளியில் போட்டாள். டொக்கென்று சத்தம் கேட்டது. சாயங்காலம் எல்லாத்தையும் சேர்த்து இடிச்சுடணும், அப்படியே குப்பையில போடக் கூடாது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு, அடுத்தது யாருங்க என்றாள்.

அடுத்தது சாவிக்காரர். நம்பரைப் பார்த்து, அவங்க வந்திருக்காங்களா என்று கேட்டாள். வர முடியலை என்றார்.

"உடம்பு முடியலையா ஐயா? படுக்கையிலயா இருக்காங்க?"

சாவிக்காரர் வாளியைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

ஆட்டிவிட்டார், அவ்வளவுதான். அதற்கப்புறம் நடந்த எதுவும் அவர் கையில் இல்லை. செட்டைக் கையில் கொடுப்பதில்லையாம். வாயில் மாட்டி, இடிக்கிற இடத்தைத் தேய்த்து, கடிக்கச் சொல்லிப் பார்த்துத்தான் கொடுப்பார்களாம். முன்பெல்லாம் வீட்டு மனுஷர்களிடம் கொடுத்தனுப்பி, அது பொருந்தாமல் அலமாரி டப்பாவில் கிடந்த கதை நிறைய உண்டாம். சரி, நான் வரேன் என்று அவர் திரும்புவதற்குள் அறக்கட்டளைச் செயலாளர் வந்துவிட்டார். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பல் மாட்டுவதென்று இந்த வருஷம் புதிதாக ஒரு திட்டம் போட்டிருந்தார்கள், இதுவரை ஒரு ஆள்கூட அதில் சிக்கவில்லை. செயலாளருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. மத்தியானம் நாங்களே உங்க வீட்டுக்கு வர்றோம் என்றார்.

வேண்டாங்க, மாடி வீடு, படி குறுகல் என்றார் சாவிக்காரர். ஏறிடுவோம் என்றார் செயலாளர். மத்தியானம் தூங்குவா என்றார். காத்திருப்போம் என்றார். சங்கடப்படாதீங்க, இது உங்க உரிமை என்று தோளில் தட்டிக்கொடுத்தார். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள், இவருக்கு மூன்றாவதிலேயே சரக்குத் தீர்ந்துவிட்டது. அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் செட்டு வாளிக்குப் போகும். அதனால் சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்தச் செட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று யாராவது கேட்டிருந்தால் அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது. ஒன்றே ஒன்று இருந்தது. பல் இருந்த காலத்தில் அவள் சிரித்த முகத்தைப் பத்தொன்பது நாளாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. கைதான் வந்தது. வீட்டிலிருந்த இரண்டு போட்டோவிலும் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். பல்லைப் பார்த்தால் முகம் வந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. அது வர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

பக்கத்து நாற்காலியில் பச்சைப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயசு இருக்கும். ஐம்பத்தெட்டாம் நம்பர். மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறாள், ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் வேலை. வாயில் பல் இல்லையே தவிர பேச்சுக்குப் பஞ்சமில்லை.

"பல்லு போனா சொல்லு போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க. கூட வேலை செய்யற பொண்ணுகிட்ட உப்பைக் கொண்டாடின்னா, அவ எதையோ கொண்டாந்து நிக்கிறா" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு, யாருக்காக வந்திருக்கீங்கண்ணே என்று கேட்டாள். வீட்டுக்காரிக்கு என்றார். மேஜையில் சொன்னது இவள் காதிலும் விழுந்திருந்தது. படுக்கையில இருக்காங்களாமே, என்ன பண்ணுது என்றாள். நெஞ்சு என்றார் சாவிக்காரர். அது பொய்யில்லை.

டீ வந்தது. அவள் பையிலிருந்து ரொட்டியை எடுத்து, பாதியை அவருக்குக் கொடுத்துவிட்டு, மீதியை டீயில் ஊறவைத்துத் தின்றாள். எதிரே தடுப்புத் துணிக்குப் பக்கத்தில் டாக்டரம்மா வேலை செய்வது தெரிந்தது. செட்டு மாட்டுகிற வேலை மொத்தமும் அந்த ஒருத்தர் கையில்தான். ஒரு நீலத் தாளை வாயில் வைத்துக் கடிக்கச் சொல்வார், செட்டைக் கழற்றி நீலம் ஒட்டிய இடத்தை மட்டும் தேய்ப்பார், மறுபடி மாட்டுவார். சாவிக்காரருக்கு அது பிடிபட்டது. தொலைந்த சாவிக்குப் புதுச் சாவி போடும்போது அவரும் இரும்பில் கரி பூசிப் பூட்டுக்குள் விட்டு, எங்கே இடிக்கிறது என்று பார்த்துத்தான் அரம் போடுவார். அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும். டாக்டரம்மா அவசரப்படவில்லை. பார்த்துக்கொண்டே இருந்ததில் நேரம் போனது தெரியவில்லை.

இரண்டு மணிக்குச் செயலாளர் நடுக்கூடத்தில் நின்று அறிவிப்புச் செய்தார். படுக்கையில் இருக்கும் ஒரு தாய்க்காக டாக்டரம்மா இப்போது வீட்டுக்குப் போகிறார். நாலு மணிக்குக் கூடத்தை ஒப்படைக்க வேண்டும். ஆகையால் கடைசி மூன்று டோக்கன்காரர்கள் மன்னிக்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேரும் அடுத்த வாரம் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு வந்து மாட்டிக்கொள்ளலாம். ஐம்பத்தெட்டாம் நம்பர் வெளியூர் என்பதால் அடுத்த முகாமுக்கு வரட்டும். அடுத்த முகாம் எப்போது? அடுத்த வருஷம்.

விடியற்காலையில் கிளம்பி வந்த பொம்பளையை இப்படியா அனுப்புவது என்று ஒருவர் முணுமுணுத்தார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதுப்பா என்றார் இன்னொருவர். நாலு பேர் சிரித்தார்கள்.

பச்சைப் பை அம்மாவின் முகம் ஒரு நிமிஷம் விழுந்துவிட்டது. பிறகு அவளே சமாளித்துக்கொண்டாள். "போகட்டும். படுத்துக் கிடக்கறவங்களுக்குத்தான் முதல்ல பார்க்கணும். நான் நடமாடறவதானே" என்று சாவிக்காரரிடம் சொன்னாள். அஞ்சு மணிக்குத்தான் எனக்கு பஸ்ஸு, ஸ்டாண்டுல போய் உக்காந்துக்கறேன் என்று பையை எடுத்துக்கொண்டாள். அவங்களைப் பத்திரமாப் பாத்துக்கோங்கண்ணே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாவிக்காரர் எழுந்து நின்றார். சொல்லிவிடலாம் என்றுதான் நின்றார். மறுபடி உட்கார்ந்தார். அவர் கண்ணெதிரிலேயே ஐம்பத்தெட்டாம் நம்பர் டப்பாவை எடுத்து, மீதி டப்பாக்களோடு அட்டைப் பெட்டியில் வைத்து வண்டியில் ஏற்றினார்கள். அவர் இடிச்ச புளி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் அவரைத் திட்ட வேண்டும் போலிருக்கிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். அவரும் பிறகு திட்டிக்கொண்டார்.

வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் செயலாளர், பின்னால் டாக்டரம்மாவும் சாவிக்காரரும். டாக்டரம்மா நாற்பத்தொன்றாம் நம்பர் டப்பாவை மடியில் வைத்திருந்தார். காலையிலிருந்து நின்றதில் காலை நீட்டி உட்கார்ந்தவர், உங்க வீட்டம்மாவை எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க என்று ஆரம்பித்தார். எல்லாரும் வந்து வெள்ளை வெளேரென்று வரிசையாகப் பல் வைக்கச் சொல்வார்களாம். இவள் ஒருத்திதான் மெழுகுப் பல்லைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, இவ்வளவு வெள்ளை வேண்டாம், அப்புறம் இந்த முன்பல் கொஞ்சம் திரும்பி இருக்க வேண்டும் என்று கேட்டாளாம்.

"ஏம்மா, நேரா இருந்தா நல்லாத்தானே இருக்கும்னு கேட்டேன். எனக்கு அந்தப் பல்லு அப்படித்தான் இருந்துச்சு, நேரா வெச்சுட்டுப் போனா எங்க வீட்டுக்காரர் யாரோன்னு நினைச்சுக்குவாருன்னாங்க. அதனால திருப்பியே வெச்சிருக்கோம்."

செயலாளர் முன்னாலிருந்து திரும்பி, அருமை, இதை ரிப்போர்ட்டில் போடலாம் என்றார்.

சாவிக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். எந்தப் பல் திரும்பியிருந்தது? இடப்பக்கமா, வலப்பக்கமா? கூடவே இருந்த இத்தனை வருஷத்தில் அவருக்கு அது தெரியாது. எத்தனை பூட்டைப் பார்த்திருப்பார், ஒரு தடவை பார்த்த சாவியின் வெட்டு பத்து வருஷம் கழித்தும் நினைவிருக்கும். கட்டின பெண்டாட்டியின் பல் நினைவில் இல்லை. இதற்காவது எனக்கு அழுகை வர வேண்டாமா என்று நினைத்தார். வரவில்லை. அடுத்த திருப்பத்தில் லெஃப்டா ரைட்டா என்று டிரைவர் கேட்டார். ரைட்டு என்றார்.

வீடு சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே. படி உண்மையிலேயே குறுகல்தான். செயலாளர் போனை உயர்த்திப் படம் பிடித்தபடியே முதலில் ஏறினார். டாக்டரம்மா பெட்டியோடு பின்னால். கடைசியாகச் சாவிக்காரர். அவர் ஒவ்வொரு படியிலும் இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். பதினாலு படி, பதினாலும் தீர்ந்துவிட்டது.

மகள் தரையில் உட்கார்ந்து அம்மாவின் துணிகளை மடித்து ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தவர்களைப் பார்த்து எழுந்தாள். டாக்டரம்மா சிரித்த முகமாக, நாங்க பல் முகாமிலேருந்து வர்றோம், அம்மா எங்கம்மா படுத்திருக்காங்க என்று கேட்டார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்கம்மா செத்து பத்தொன்பது நாளாச்சுங்க" என்றாள்.

செயலாளர் போனை இறக்கினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு பாக்கெட்டையும் தடவிவிட்டு, கீழே வண்டியைப் பார்க்கிறேன் என்று போய்விட்டார். டாக்டரம்மா முக்காலியில் உட்கார்ந்தார். கோபித்துக்கொள்வார் என்று சாவிக்காரர் எதிர்பார்த்தார், கோபித்துக்கொண்டால் நன்றாகவும் இருந்திருக்கும். அவர் கோபிக்கவில்லை. ஏங்கய்யா எங்ககிட்டச் சொல்லலை என்று மட்டும் கேட்டார். சாவிக்காரர் வாளியைப் பற்றிச் சொன்னார். சொன்னால் இதையும் அதில் போட்டு இடித்துவிடுவீர்கள் என்று நினைத்தேன் என்றார்.

டாக்டரம்மா பெட்டியைத் திறந்தார்.

"உங்களுக்கு முன்னால நின்னவர், அவங்கம்மா செட்டு வேண்டாம்னுட்டாருங்க. வீட்ல இருந்தா பாக்கப் பாக்க மனசு கஷ்டப்படும், நீங்களே எடுத்துக்கங்கன்னார். அதனாலதான் வாளியில போட்டாங்க. நீங்க கேட்டிருந்தா அங்கேயே குடுத்திருப்போமே. இதை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்ணப் போறோம்?"

டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய காரியம்.

அவர் திறந்தார். ரோஸ் நிறத்தில் ஈறு, வரிசையாகப் பல், அதில் இடப்பக்கத்து முன்பல் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது. மகள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். அம்மா பல்லு இப்படியேதான்ப்பா இருக்கும் என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அவர் பார்த்தார். வெளிச்சத்துக்கு நகர்ந்து பார்த்தார். சுத்தமான வேலை, செய்தவன் பிசிறில்லாமல் முடித்திருக்கிறான் என்பது தெரிந்தது. முகம் வரவில்லை. பல் பல்லாகவே இருந்தது. இதற்காகவா இவ்வளவு என்று இருந்தது.

அவருக்கு நினைவுக்கு வந்தது வேறொன்று. அந்தப் பச்சைப் பை அம்மாவின் முகம் விழுந்து, பிறகு தானாகவே எழுந்ததே, அது.

"மணி என்னம்மா?" என்று மகளிடம் கேட்டார். மூணு அம்பது என்றாள்.

"டாக்டரம்மா, அந்த ஐம்பத்தெட்டாம் நம்பர் அம்மாவுக்கு அஞ்சு மணிக்குத்தான் பஸ்ஸு. ஸ்டாண்டுலதான் உக்காந்திருப்பாங்க. அவங்க டப்பா வண்டியிலதான் இருக்கு."

டாக்டரம்மா அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

கீழே வண்டியில் உட்கார்ந்திருந்த செயலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும், பஸ் ஸ்டாண்டில் வைத்தெல்லாம் செய்ய அறக்கட்டளை விதியில் இடமில்லை என்றார். அப்படின்னா நீங்க இங்கேயே இறங்கிக்குங்க சார் என்றார் டாக்டரம்மா. அவர் இறங்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. டிரைவர் மட்டும், காலையிலிருந்து சாப்பிடாமல் ஊர் சுற்றுகிறேன் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு வண்டியை எடுத்தார். வழியெல்லாம் நெரிசல். லாரி ஒன்று குறுக்கே நின்று கால் மணி நேரத்தைத் தின்றது. சாவிக்காரர் முன் சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த வண்டியில் அவர் இப்படிப் பிடித்துக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சும்மா உட்கார்ந்து வந்தார்.

ஸ்டாண்டுக்குள் நுழையும்போது மணி நாலரை. கடைசி பெஞ்சில் பச்சைப் பை தெரிந்தது. சாவிக்காரர் வண்டி நிற்கும் முன்பே இறங்கி ஓடினார். வாங்கம்மா, டாக்டர் வந்திருக்காங்க என்றார். அவள் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே வந்தாள்.

வண்டியின் பின் சீட்டிலேயே உட்கார வைத்தார்கள். டிரைவர் முணுமுணுப்பை விட்டுவிட்டு டார்ச் அடித்தார். டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டு, நீலத் தாளை வைத்தார், கடிக்கச் சொன்னார், கழற்றினார், பாட்டரியில் ஓடும் சின்ன மோட்டாரால் தேய்த்தார், மறுபடி மாட்டினார். அவசரப்படவே இல்லை. நாலு தடவை, ஐந்து தடவை. ஐயா, இந்தக் கண்ணாடியைப் பிடிங்க என்று சாவிக்காரர் கையில் ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்தார். அவர் அந்த அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

அவள் முதலில் வாயைத் திறக்கவே பயந்தாள். பிறகு மெதுவாக, உப்பு என்றாள். இன்னொரு தடவை சொன்னாள். சரியாக வந்தது. டிரைவர் சிரித்துவிட்டார், அவளுக்கும் சிரிப்பு வந்தது. பழக்க தோஷத்தில் கை வாய்க்குப் போனது. டாக்டரம்மா அதைப் பிடித்து இறக்கிவிட்டார். கண்ணாடியில் முழு வாயோடு ஒரு பெண் சிரித்தாள். சாவிக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் நின்றதால் அவருக்குத் தெரிந்தது நேர் முகமே. பல்லும் உதடும் கன்னமும் கண்ணும் எல்லாம் சேர்ந்து சிரித்தது.

அவள் கண்ணாடியிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சந்தோஷத்தில் இருப்பவர்களுக்கு அடுத்தவர் ஞாபகம் வருவது பெரிய விஷயம். அவளுக்கு வந்தது.

"அண்ணே, உங்க வீட்டம்மாவுக்கு மாட்டியாச்சா? பொருந்திச்சா அவங்களுக்கு?"

டாக்டரம்மா சட்டென்று நிமிர்ந்தார். அவருக்காகத் தானே பதில் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். அதற்குள் சாவிக்காரர் கண்ணாடியைச் சீட்டில் வைத்தார்.

"இல்லம்மா. அவ செத்துட்டா."

சொன்ன பிறகு அவருக்கே அது யாரோ புதிதாக வந்து சொன்ன சேதி மாதிரி இருந்தது. வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார். "செத்துட்டாம்மா" என்று இன்னொரு தடவை சொன்னார். அப்புறம் நிறுத்த முடியவில்லை. விடியற்காலையில் அவள் எழுந்து உட்கார்ந்தது, தண்ணி கேட்டது, இவர் வாயுவாக இருக்கும் படுத்துக்கோ என்று சொன்னது, எல்லாவற்றையும் முன்பின் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனார். காலையில் நான் சொல்லியிருந்தால் உங்களை அலையவிட்டிருக்க மாட்டார்கள் என்றும் நடுவில் சொன்னார். வாய் கோணிக்கொண்டு, வார்த்தைகள் பாதி பாதியாகத்தான் வந்தன.

ஐந்து மணி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப் பேரைச் சொல்லிக் கூவினார். டிரைவர் அவளுடைய பையை எடுத்துக் கொடுத்து, அம்மா உங்க பஸ்ஸு என்றார். அவள் கண்டக்டரைப் பார்த்து, நீங்க போங்க என்று கையைக் காட்டிவிட்டு, இறங்கி வந்து படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லுங்கண்ணே" என்றாள்.